காக்பிட் எல்லா லினக்ஸிலும் ஓடாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில் சிறுதொழில் செய்பவர்களுக்காக வந்த சர்வர் பராமரிப்புக் கட்டுரையைப் படித்தேன். கறுப்புத் திரையில் கட்டளை அடிக்கத் தெரியாதவரும் பிரவுசரைத் திறந்து சர்வரைக் கவனித்துக்கொள்ளலாம் என்று எழுதியிருந்தது நல்ல விஷயம். ஆனால் எந்த லினக்ஸாக இருந்தாலும் காக்பிட் என்ற பிரவுசர் பேனலைப் போட்டால் போதும் என்ற வரி, திங்கட்கிழமை காலையிலேயே எனக்கு வேலை வைத்துவிட்டது.

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் சின்னச் சின்ன கம்பெனிகளின் சர்வர்களைப் பார்த்துக்கொள்வது என் பிழைப்பு. அதில் லேத் பட்டறை ஒன்று. கரண்ட் போய் ஜெனரேட்டருக்கு மாறும்போது, வருகைப்பதிவு மெஷினோடு பேசுகிற சர்வீஸ், அதாவது பின்னணியில் ஓடும் புரோகிராம், தொங்கிவிடும். ஷிப்டுக்கு வந்தவர்கள் கைரேகை வைக்க வரிசையில் நிற்பார்கள். எனக்கு போன் வரும். முதலாளி உங்கள் பேப்பரை மடித்து மேஜைமேல் வைத்திருந்தார். "ஒரு பட்டனைத் தட்டினா சரியாயிடும்னு போட்டிருக்கான் சார். அதை நம்ம சர்வர்ல போட்டுக் குடுங்க."

அவருடைய சர்வரில் இருப்பது டெவுவான் என்ற லினக்ஸ் வகை. அதில் காக்பிட் ஏறாது.

லினக்ஸ் எழுந்ததும் முதலில் ஓடுகிற புராசஸ் ஒன்று உண்டு. அதன் எண் 1. மற்ற சர்வீஸ்களையெல்லாம் கிளப்பிவிடுவது அதுதான். அதைப் பொதுவாக இனிட் என்பார்கள். பல வருஷம் அந்த இடத்தில் பழைய இனிட் இருந்தது. 2010-ல் அதற்குப் பதிலாக சிஸ்டம்டி வந்தது, அடுத்த வருஷமே ஃபெடோரா என்ற லினக்ஸ் வகை அதை ஏற்றுக்கொண்டது. இன்னொரு வகையான டெபியனில் பெரிய சண்டையே நடந்தது. 2014 பிப்ரவரியில் தொழில்நுட்பக் குழுவின் ஓட்டுகள் சரிபாதியாகப் பிரிய, தலைவரின் ஓட்டில்தான் சிஸ்டம்டி ஜெயித்தது. அதில் மனம் ஒப்பாதவர்கள் பிரிந்துபோய் உருவாக்கியது டெவுவான். எனக்கு முன்னால் அந்தப் பட்டறையைப் பார்த்துக்கொண்டவர் அந்தக் கட்சி போலிருக்கிறது.

காக்பிட் தனக்கென்று எந்தப் பட்டியலும் வைத்துக்கொள்வதில்லை. என்னென்ன சர்வீஸ் ஓடுகிறது என்று சிஸ்டம்டியைக் கேட்டுத்தான் காட்டும். லாக், அதாவது நடந்தவற்றின் பதிவு, வேண்டுமென்றால் சிஸ்டம்டியின் ஜர்னலிலிருந்து எடுக்கும். யாராவது பிரவுசரில் கேட்கும்வரை அது ஓடக்கூட ஓடாது. பிரவுசர் வந்து தட்டும் 9090 போர்ட்டில் அதுவரை காத்திருப்பது சிஸ்டம்டி. அதை எடுத்துவிட்டால் காக்பிட்டில் மிஞ்சுவது அழகான பக்கங்கள் மட்டும்தான். டெவுவான் மட்டுமல்ல, ஓப்பன்ஆர்சி என்ற வேறு இனிட் வைத்திருக்கும் ஆல்பைன் லினக்ஸிலும், ரன்இட் வைத்திருக்கும் வாய்ட் லினக்ஸிலும் இதே கதைதான்.

இது காக்பிட் எழுதியவர்களின் சோம்பேறித்தனம் என்று சொல்பவர்கள் உண்டு. நான் சொல்ல மாட்டேன். பட்டறையில் அப்புறம் நான் போட்டது வெப்மின் என்ற இன்னொரு பேனல். ஜேமி கேமரன் 1997-ல் பெர்ல் மொழியில் எழுத ஆரம்பித்தது. சொந்தமாகவே ஒரு வெப் சர்வர் வைத்துக்கொண்டு 10000 போர்ட்டில் உட்கார்ந்திருக்கும். ஒரே இனிட்டை நம்பி நிற்காமல் பலவற்றுக்கேற்ப நடந்துகொள்ளும், லினக்ஸே அல்லாத ஃப்ரீபிஎஸ்டியில்கூட ஓடும். பழைய இனிட் இருந்தால், சர்வீஸ்களைக் கிளப்பும் இனிட்-டி ஸ்கிரிப்டுகளை வரிசையாகக் காட்டி, நிறுத்தவும் கிளப்பவும் பட்டன் கொடுக்கும். ஆனால் ஒரு சர்வீஸ் இப்போது ஓடுகிறதா என்று அதற்கு எப்படித் தெரியும்? அந்த ஸ்கிரிப்டையே ஸ்டேட்டஸ் என்று கூப்பிட்டுக் கேட்கும். வருகைப்பதிவு ஸ்கிரிப்ட் யாரோ கையால் எழுதியது. அதில் ஸ்டார்ட் இருந்தது, ஸ்டாப் இருந்தது, ஸ்டேட்டஸ் இல்லை. வெப்மின் பாவம், என்ன செய்யும்? அந்த நாலு வரியை நான் எழுதிச் சேர்த்த பிறகுதான் திரையில் ஓடுகிறது, ஓடவில்லை என்று சரியாக வந்தது. சிஸ்டம்டிக்கு இந்தப் பாடே கிடையாது. தான் கிளப்பிய ஒவ்வொரு சர்வீஸின் புராசஸ்களையும் சிகுரூப் என்ற லினக்ஸ் குழுவில் கட்டி வைத்திருப்பதால் யாரையும் கேட்காமலே அதற்குத் தெரியும். அந்த வசதியை நம்பித்தான் காக்பிட் கட்டப்பட்டது.

வெப்மினை நான் தூக்கிப்பிடிக்கவும் இல்லை. 2019-ல் அதன் வெளியீடுகளுக்குள்ளேயே யாரோ திருட்டுத்தனமாக நுழைவதற்குப் பின்கதவு வைத்தது வெளிவந்தது. பட்டறையில் அதை ஆபீஸ் நெட்வொர்க்குக்குள் மட்டும் திறந்து வைத்திருக்கிறேன். வீட்டிலிருந்து போனில் பார்க்க வேண்டும் என்று முதலாளி கேட்டார். வெளியிலிருந்து ஆபீஸ் நெட்வொர்க்குக்குள் பாதுகாப்பாக நுழையும் விபிஎன் போடாமல் முடியாது என்று சொல்லிவிட்டேன். காக்பிட்டாக இருந்தாலும் இதைத்தான் சொல்லியிருப்பேன். உங்கள் கட்டுரையில் போனில் பார்க்கலாம் என்று இருந்ததே தவிர விபிஎன் பற்றிப் பேச்சே இல்லை.

இன்னொரு எரிச்சல். தொழிற்பேட்டைக்கு வரும் கொட்டேஷன்களில் 'வெப் கன்ட்ரோல் பேனலுடன்' என்று ஒரு வரி இருக்கும். எந்த பேனல், அது எந்த இனிட்டின்மேல் நிற்கிறது என்று ஒருவரும் எழுதுவதில்லை. பழைய மெஷினுக்கு லேசான லினக்ஸ் போடுகிறேன் என்று ஆல்பைனைப் போட்டுவிட்டு, காக்பிட் தருவதாக எழுதிக் கொடுத்த கொட்டேஷனை நானே பார்த்தேன். வாங்குகிறவருக்கு இரண்டும் தனித்தனியாக நல்லதாகத்தான் தெரியும்.

தொடர் அடுத்த வாரமும் வருவதாகப் போட்டிருந்தீர்கள். அதில் ஒரு பெட்டிச் செய்தியாக இதைச் சேர்க்க வேண்டும்: பேனலைத் தேர்ந்தெடுக்கும் முன் சர்வரில் 1-ஆம் எண் புராசஸின் பெயரைப் பாருங்கள். சிஸ்டம்டி என்று வந்தால் காக்பிட்டைப் போடலாம். வெறும் இனிட் என்றோ ரன்இட் என்றோ வந்தால் பெரும்பாலும் அது நடக்காது, வெப்மின் ஒத்துவருமா என்று பாருங்கள். கொட்டேஷனிலும் அந்தப் பெயரை எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள்.

இப்படிக்கு,
சர்வர் பராமரிப்பவர்,
அம்பத்தூர், சென்னை - 53