மருமகனுக்கு ஒரு மடக்குக் கத்தி: அக்காவுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் மகன், என் மருமகனின் பிறந்தநாளுக்குப் பழைய பாணி மடக்குக் கத்தி ஒன்று வாங்கப்போவதாகச் சொல்லி, மூன்று கத்திகளின் படங்களை அனுப்பி, எது நல்லது என்று கேட்டிருந்தீர்கள். போனிலேயே சொல்லியிருக்கலாம்தான். ஆனால் வளர்ந்த பிள்ளைக்குக் கத்தி வாங்கித் தர நினைக்கும் மற்றவர்களுக்கும் இதே குழப்பம் வரும் என்பதால் எல்லோரும் படிக்கும்படி இங்கே எழுதுகிறேன்.

முதல் படத்தில் இருப்பது மான்கொம்புப் பிடியும், அலகு முழுக்க அலை அலையாகக் கோடும் உள்ள பெரிய கத்தி. அது வேண்டாம் அக்கா. பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அது வெல்வெட் பெட்டியோடு வருகிறது, பெட்டியிலேயே இருந்துவிடும். அந்த அலைக்கோடு, இருவகை எஃகை அடுக்கிச் சூட்டில் அடித்து ஒன்றாக்கி, அமிலத்தில் தோய்த்து எடுப்பதால் தெரிவது. நல்ல கொல்லர் செய்தால் அது பெரிய கலை. ஆனால் நீங்கள் அனுப்பிய படத்தில் செய்தவர் பெயரும் இல்லை, எந்த எஃகு என்ற விவரமும் இல்லை. உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாத அலகை, கோட்டின் அழகுக்காக மட்டும் நான் வாங்க மாட்டேன். தவிர, திறந்தால் ஒரு சாண் நீளம் வரும் கத்தியை அவன் எந்தப் பையில் வைப்பான்?

அவன் ஒரு வாரத்தில் என்னென்ன வெட்டுகிறான் என்று யோசித்துப் பாருங்கள். பார்சல் டேப், சணல் கயிறு, பழம், புதுச் சட்டையில் தொங்கும் அட்டை, தொட்டிச் செடியில் காய்ந்த குச்சி. மலையேறப் போகும் நாட்களில் கூடுதலாக எதையாவது கட்டும் நாடா. இவ்வளவுக்கும் ஆறேழு சென்டிமீட்டர் அலகு தாராளம். மடக்கிய நிலையில் ஒன்பது, பத்து சென்டிமீட்டருக்குள் அடங்கினால் பேன்ட் பையில் இருப்பதே தெரியாது. பையில் உறுத்தாத கத்தியைத்தான் மனிதன் தினமும் எடுத்துப் போவான். தினமும் போனால்தான் அது அவனுடையதாகும். உங்கள் பரிசு அப்படி அவனோடு போய் வர வேண்டும் என்பதுதான் என் ஆசை.

இரண்டாவது படத்தில் உள்ளது மூன்று அலகு கொண்ட ‘ஸ்டாக்மேன்’. அமெரிக்க மாட்டுப் பண்ணைகளில் புழங்கிய வடிவம் அது. கூர்முனை உள்ள நீண்ட அலகு பொது வேலைக்கு. நேர்விளிம்பு உள்ளது அழுத்தி வெட்ட. மழுங்கிய முனையுள்ள மூன்றாவது அலகு கன்றுகளுக்குக் காயடிக்க ஏற்பட்டது. மருமகனுக்கு அந்த வேலை வரப்போவதில்லை! அந்த அலகைக் காகிதம் வெட்டவும் பயன்படுத்தலாம், தப்பில்லை. ஆனால் மூன்று அலகு என்றால் மூன்று முறை சாணை, மூன்று மடங்கு இடுக்கு, இடுக்கெல்லாம் பஞ்சும் தூசியும். முதல் கத்திக்கு ஒரே அலகு போதும் என்பது என் உறுதியான எண்ணம்.

ஆகவே மூன்றாவதுதான்: மரப் பிடி, ஒரே அலகு, அலங்காரம் எதுவும் இல்லாதது. நீங்கள் அதைக் கடைசியாக, கொஞ்சம் தயங்கித்தான் அனுப்பினீர்கள் என்று தெரியும். "ரொம்பச் சாதாரணமா இருக்கே" என்று எழுதியிருந்தீர்கள். இந்தச் சாதாரணத்துக்குப் பின்னால் பெரிய மரபு இருக்கிறது அக்கா. பிரான்சின் சவோய் மலைப்பகுதியில் ஜோசப் ஒப்பினெல் 1890இல் செய்யத் தொடங்கிய கத்தியும் மரப்பிடியும் ஒற்றை அலகும்தான். இன்றுவரை அந்த வடிவம் பெரிதாக மாறவில்லை. ஜப்பானின் ஹிகோனோகாமி இன்னும் எளிது. மடித்த தகடு ஒன்று பிடி, அதற்குள் ஒரு அலகு, கட்டைவிரலால் அழுத்த ஒரு சிறு நெம்பு. அவ்வளவுதான்.

சரி, மூன்றாவது கத்தியை வாங்கும் முன் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். இந்த வகையில் பூட்டு கிடையாது. பிடியின் முதுகில் ஒரு எஃகுப் பட்டை இருக்கிறது, அதுதான் ஸ்பிரிங். அலகின் அடிப்பாகத்தை அது எப்போதும் அழுத்திக்கொண்டே இருக்கும். திறந்த நிலையிலும் மூடிய நிலையிலும் அலகு நிற்பது அந்த அழுத்தத்தால்தான். வெட்டும்போது விசை கூர்ப்பக்கத்திலிருந்து வருவதால் அலகு மேலும் திறக்கத்தான் பார்க்கும், ஆபத்தில்லை. குத்தினாலோ, எதையாவது நெம்பினாலோ, முதுகுப் பக்கம் விசை விழுந்தாலோ அலகு விரல்மேல் மடங்கிவிடும். மருமகன் அவசரக்காரன் இல்லை, அதனால் இது அவனுக்குச் சரிவரும். மனதுக்கு நெருடினால் ஒப்பினெல்லைப் பாருங்கள். அதில் 1955 முதல் திருகிப் பூட்டும் வளையம் உண்டு. அதன் 8ஆம் எண் கத்தியின் அலகு 8.5 சென்டிமீட்டர். ஒரே குறை, மரப்பிடி ஈரத்தில் ஊறினால் அலகு இறுகிக்கொள்ளும், காயும்வரை காத்திருக்க வேண்டும்.

கையில் வாங்கியதும் பரிசுத்தாளில் சுற்றிவிடாதீர்கள். முதலில் திறந்து மூடிப் பாருங்கள். அலகு முழுதாகத் திறக்கும்போது ‘டக்’ என்று தெளிவான சத்தம் வர வேண்டும். திறந்த அலகை இரண்டு விரலால் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள், ஆடக் கூடாது. வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, ஸ்பிரிங்குக்கும் பிடியின் பக்கத் தகட்டுக்கும் நடுவே வெளிச்சம் தெரிகிறதா என்று பாருங்கள். மயிரிழை தெரிந்தால் பரவாயில்லை, பளிச்சென்று தெரிந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். மூடிய நிலையில் அலகு நடுவில் நிற்க வேண்டும், எந்தப் பக்கத் தகட்டையும் உரசக் கூடாது. அப்புறம் நகப்பள்ளம், அதாவது நகத்தை வைத்து இழுத்துத் திறக்க அலகில் இருக்கும் சிறு பள்ளம். ஸ்பிரிங் மிகவும் கடினமாக இருந்தால் நகம் பிய்ந்துவிடும், பிறகு அவன் கத்தியைத் திறக்கவே யோசிப்பான். உங்கள் நகத்தால் திறக்க முடிந்தால் அவனுக்கும் முடியும். இன்னொன்று, அவன் இடக்கைக்காரன். நகப்பள்ளம் பெரும்பாலும் அலகின் ஒரு பக்கத்தில் மட்டும்தான் இருக்கும். பிடியில் ஒரு வளைவு வெட்டி, அலகை இரு பக்கமும் விரலால் பிடித்து இழுக்கும்படி செய்த வடிவங்கள் உண்டு, அப்படிக் கிடைத்தால் அதையே எடுங்கள்.

எஃகு விஷயத்தில் அந்தக் கடையில் இரண்டு வகை இருக்கிறது என்றீர்கள், கார்பன் எஃகும் ஸ்டெயின்லெஸும். பழகுவதற்குச் சுலபம் ஸ்டெயின்லெஸ். அதில் பத்து விழுக்காட்டுக்கு மேல் குரோமியம் கலந்திருப்பதால் ஈரத்தைத் தாங்கும், மறந்து விட்டாலும் மன்னிக்கும். ஆனாலும் மருமகனுக்குக் கார்பன் எஃகையே வாங்குங்கள் என்பேன். சைக்கிள் சங்கிலிக்குத் தவறாமல் எண்ணெய் விடுகிறவன், செருப்பு வார் அறுந்தால் தானே உட்கார்ந்து தைக்கிறவன் அவன். கார்பன் எஃகைச் சாதாரணக் கல்லில் தேய்த்தாலே சுலபமாகக் கூர் ஏறும். பழம் வெட்ட வெட்ட, அதன் புளிப்பில் அலகு சாம்பலும் நீலமுமாக நிறம் மாறும். பார்க்கிறவர்கள் கறை என்பார்கள். அந்தப் படலம் செந்துருவை ஓரளவு தடுக்கிறது. எந்தப் பழம், எவ்வளவு நேரம், எப்போது துடைத்தோம் என்பதைப் பொறுத்து அந்த நிறம் மாறுவதால் இரண்டு கத்திகள் ஒரே மாதிரி ஆவதில்லை. ஒரு வருடம் கழித்து அவன் கத்தியைக் கடையில் இருக்கும் நூறு கத்திகளோடு கலந்து வைத்தாலும் அவன் கண்டுபிடித்துவிடுவான். எனக்கு இந்தக் கத்திகளில் மிகவும் பிடித்ததே இதுதான்.

வேலை முடிந்ததும் துடைத்து உலர்த்தினால் போதும். மாதம் ஒரு சொட்டு எண்ணெய், அலகு சுழலும் ஆணியில். பழம் வெட்டுகிற கத்தி என்பதால் உணவில் பட்டால் கெடுதல் இல்லாத மினரல் ஆயில் வாங்குங்கள். சமையல் எண்ணெய் வேண்டாம், நாளாக நாளாகப் பிசுபிசுத்துவிடும்.

கத்தியோடு ஒரு சிறிய சாணைக்கல்லும் வாங்கிக் கொடுங்கள், 1000 எண் கல் போதும் (எண் கூடக்கூடக் கல் மென்மையாக இருக்கும்). அலகின் ஒவ்வொரு பக்கத்தையும் கல்லில் 15 முதல் 20 டிகிரி சாய்த்துத் தேய்க்க வேண்டும் என்று ஒரு தாளில் எழுதி வையுங்கள். அதற்குமேல் அறிவுரை எதுவும் எழுத வேண்டாம். "பத்திரம், கையை வெட்டிக்காதே" என்பதுகூட வேண்டாம் அக்கா. அவனுக்கு இருபத்தேழு வயது. கத்தியைக் கொடுப்பதே அவனை நம்புகிறோம் என்று சொல்வதுதான்.

பேரைப் பொறிக்கலாமா என்று கேட்டீர்கள். அலகில் வேண்டாம். சாணை பிடிக்கப் பிடிக்கக் கல் உரசும் இடம் அது, எழுத்து தேய்ந்துபோகும். பிடியில், உள்ளங்கை மூடுகிற பக்கத்தில் முதலெழுத்து இரண்டு மட்டும் பொறிக்கச் சொல்லுங்கள்.

சட்ட விஷயமும் பார்த்துவிடுங்கள். பையில் எந்தக் கத்தி வைத்துக்கொள்ளலாம் என்பது நாட்டுக்கு நாடு மாறும். பிரிட்டனில் பூட்டு இல்லாத, வெட்டும் விளிம்பு மூன்று அங்குலத்துக்கு மேற்படாத மடக்குக் கத்தியைக் காரணம் சொல்லாமலே பொது இடத்தில் வைத்திருக்கலாம். பூட்டு இருந்தால் தகுந்த காரணம் வேண்டும். அவன் வேலை விஷயமாக அடிக்கடி விமானம் ஏறுகிறவன் என்பதால் அதை மட்டும் வாயால் சொல்லிவிடுங்கள், கைப்பையில் வைத்தால் பாதுகாப்புச் சோதனையில் பிடுங்கிக்கொள்வார்கள். செக்-இன் பெட்டியில் போட வேண்டும்.

மூன்றாவது கத்தியையே எடுப்பதாக இருந்தால், பணம் கட்டும் முன் அதை மூடிய நிலையில் மேலிருந்து ஒரு படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அலகு நடுவில் நிற்கிறதா என்று நானும் ஒருமுறை பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
உங்கள் தம்பி