ஒரு ஆள் கேக்குதாம்

பலெர்மோ
செப்டெம்பர் 5

என்ர குஞ்சுக்கு,

"மம்மா, ச்சாத்து மேயு எண்டுறதை இங்கிலீசில எப்பிடிச் சொல்லுறது, ஒரு ஆள் கேக்குது" எண்டு மெசேஜ் போட்டிட்டு மூண்டு கிழமையாப் பேசாமல் இருக்கிறாய். போனில எழுத என்ர விரல் வழங்காது. அதால கடிதம். லண்டனில குளிர் தொடங்கியிருக்கும், கழுத்தை மூடிக்கொண்டு போ.

ச்சாத்து எண்டால் இஞ்சத்தைச் சிசிலிப் பேச்சில மூச்சு, 'என்ர மூச்சு' எண்டு செல்லமாக் கூப்பிடுறது. உனக்குத் தெரியாததே? 'மை பிரெத்' எண்டு சொன்னால் இழுப்புக்காரர் கதைக்கிற மாதிரி இருக்கும். 'டார்லிங்' எண்டு போடலாம், ஆனா அங்க பஸ்காரரும் அப்பிடித்தானே கூப்பிடுறவை எண்டு நீயே சொன்னனி. நான் வேலை செய்த வீட்டுச் சிஞ்ஞோரா அந்தச் சொல்லைச் சொன்னது செத்த மனுசன்ர படத்துக்கும் உனக்கும்தான். பதினேழு வருசம் கழுவித் துடைச்ச எனக்கு ஒருநாளும் இல்லை. நான் அவவுக்கு 'லேய்', நீங்கள் எண்டு; அவ எனக்கு 'து', நீ எண்டு. இங்கிலீசில ரெண்டும் 'யூ'தான். எங்கட 'நீர்' மாதிரி நடுவில ஒரு சொல் இருந்திருந்தாலாவது பரவாயில்லை. இதையெல்லாம் அந்த ஆளுக்குச் சொல்லத் தேவையில்லை.

'தி வோல்யோ பேனே'யை மட்டும் வடிவா விளங்கப்படுத்து. 'தி ஆமோ' விரும்பின ஆளுக்கு. 'தி வோல்யோ பேனே' தாய்க்கு, பிள்ளைக்கு, சிநேகிதிக்கு. சொல்லுக்குச் சொல் பாத்தால் 'உனக்கு நல்லதை விரும்புறன்' எண்டுதான் வரும். இங்கிலீஸ் ரெண்டையும் ஒரே சாக்கில போட்டு 'ஐ லவ் யூ' எண்டு கட்டிவிடும். நீ எதைச் சொல்லுறாய் எண்டு நான் கேக்கேல்லை. முந்தி உன்ர மெசேஜ் எல்லாத்தின்ர அடியிலயும் 'தி வோல்யோ தாந்தோ பேனே'யைச் சுருக்கி தி-வு-தி-பி எண்டு நாலு எழுத்து இருக்கும். இந்த முறை காணேல்லை. வேலை கூடவாக்கும்.

உன்ர மத்துரித்தா, பள்ளிக்கூடக் கடைசிச் சோதினை, அண்டு காலமை சிஞ்ஞோரா 'இன் போக்கா அல் லூப்போ' எண்டு வாழ்த்துச் சொல்ல, ஏன் இந்த மனுசி பிள்ளையை ஓநாயின்ர வாயுக்க தள்ளுது எண்டு நான் பயந்துபோய் 'கிராத்ஸியே' எண்டிட்டன். நன்றி சொல்லக்கூடாது, 'க்ரேப்பி' எண்டு சொல்லோணும், அந்த ஓநாய் சாகட்டும் எண்டு நீ என்னைப் பேசினாய். ஆனா நூற்றுக்கு நூறு எடுத்தனி. அந்தத் தாளை நான் இப்பவும் சாமிப்படத்துக்குப் பின்னால வைச்சிருக்கிறன். அப்பிடிப் படிச்ச பிள்ளைக்கு ஒரு கோல் எடுக்க நேரமில்லை.

நேற்று சாந்தா ரொசாலியா மாதாவின்ர மலைக்கோயிலுக்கு ஏறினன். முழங்கால் விடேல்லை, மாமியின்ர கையைப் பிடிச்சுக்கொண்டுதான் போனது. சைவக்காரர், வேதக்காரர் எண்டில்லாமல் எங்கட சனம் நிறைய. 1624இல வந்த கொள்ளைநோயில இருந்து ஊரைக் காத்தவவை இஞ்ச சனம் 'சாந்துத்சா' எண்டு செல்லப்பேர் வைச்சுக் கூப்பிடுது. இங்கிலீசில 'லிட்டில் செயின்ட்' எண்டு எழுதிப்பார், விளையாட்டுச் சாமான் கடை மாதிரி இருக்கும். மாமி உன்னைக் கேட்டவ, யாரும் இருக்கினமோ எண்டும் கேட்டவ. தெரியாது எண்டு சொன்னன். பொய் இல்லைத்தானே. அங்க வீட்டு ஜன்னலைத் திறந்துபோட்டுப் படுக்காதை, காத்து அடிச்சுக் கழுத்துப் பிடிக்கும். இங்கிலீஸ்காரருக்கு இந்தக் காத்தடிக்குப் பேரே இல்லையாம், அதால அவைக்குப் பயமும் இல்லை.

'மி மாங்கி'யும் உப்பிடித்தான். 'ஐ மிஸ் யூ'வில முன்னுக்கு நிக்கிறது 'நான்'. இத்தாலியனில 'நீ எனக்குக் குறையுறாய்'. குறையுறது நீ.

மலையில ஒரு விசயம் சொல்லி அழுதனான். உனக்கும் சொல்லோணும். அப்பாவின்ர கடைசிக் கிழமை, ஆசுப்பத்திரி ஓடையில அந்த டொக்டர் என்னைப் பாக்காமல் உன்னைப் பாத்துத்தான் கதைச்சவர். பதினொரு வயசு உனக்கு. 'நோன் ச்சே ப்யூ நியென்தே தா ஃபாரே' எண்டார். நீ கொஞ்ச நேரம் பேசாமல் நிண்டிட்டு, "அம்மா, அப்பா நல்லா நித்திரை கொள்ளோணுமாம்" எண்டு சொன்னாய். பிழையா மொழிபெயர்த்துப்போட்டன், அதால அம்மா கடைசிவரை ஆயத்தமில்லாமல் இருந்தா எண்டு நீ ஒருக்கா உன்ர சிநேகிதியோட கதைச்சது என்ர காதில விழுந்தது.

குஞ்சு, எனக்கு அண்டைக்கே விளங்கினது. பதின்மூண்டு வருசம் இந்த ஊரில வேலை செய்தவள், இனிச் செய்ய ஒண்டுமில்லை எண்டுறது விளங்காதே? விளங்கினதைக் காட்டினால் நான் மறுமொழி சொல்லோணும். அதுக்கு எனக்குத் தைரியம் இல்லை. அதால விளங்காதவள் மாதிரி நிண்டு, பிள்ளை உன்னைக் கொண்டு சொல்லுவிச்சனான். பிறகும் உண்மையைச் சொல்லாமல் இவ்வளவு வருசம் விட்டிட்டன்.

வேற புதினம் இல்லை. பல்லாரோச் சந்தையில கத்தரிக்காய் நல்ல மலிவு. கீழ்வீட்டுக் குழாய் திருப்பியும் ஒழுகுது.

ஞாயிற்றுக்கிழமை எடு. அந்த ஆள் பக்கத்தில இருந்தாலும் பரவாயில்லை, நான் ஒண்டும் கேக்கமாட்டன். உறைப்புச் சாப்பிட ஏலுமோ எண்டு மட்டும் எழுது. நத்தாருக்கு எவ்வளவு தூள் இடிக்கிறது எண்டு எனக்குத் தெரியோணும்.

கழுத்தை மூடு.

அம்மா