நெற்றி லைட் இன்னும் எங்களிடம்தான் இருக்கிறது

மாமா நேற்று மதியம் கஞ்சி குடித்தார். இன்னொரு கிண்ணம் கேட்டு வாங்கியும் குடித்தார். அதைப் பார்த்த பிறகுதான் இதை எழுத உட்கார்ந்தேன்.

மாமாவும் தம்பியும் நானும் பழைய சயாம் ரயில் பாதையில் நடக்கப் போய், வழி தவறி இரண்டு இரவு கிடந்த கதையை மறுபடியும் சொல்லப்போவதில்லை. பர்மாவில், மோல்மீனில் நம்மவர் வீடுகளில் பேசித் தீர்த்துவிட்டார்கள், பினாங்கிலும் அப்படித்தான் என்று கேள்வி. "அந்தக் காட்டுக்கு ஏன் போனீர்கள், அதுவும் இந்தக் காலத்தில்" என்று கேட்பவர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை. மாமாவின் தாத்தாவை 1943-ல், மூன்று மாத வேலை என்று சொல்லித்தான், ரப்பர் தோட்டத்திலிருந்து, போர்க்காலத்தில் ஜப்பான்காரர்கள் போட்ட சயாம்-பர்மா ரயில் பாதை வேலைக்கு ஏற்றிக்கொண்டு போனார்கள். அவர் திரும்பவில்லை. அந்தப் பாதையின் பர்மா முனையில் இருக்கும் தான்பியூசயாட் போர்க் கல்லறையில் 3,700-க்கும் மேற்பட்ட போர்க்கைதிகளுக்கு ஆளுக்கொரு கல் வைத்து, புல் வெட்டி, பூச்செடி வளர்க்கிறார்கள். நல்லதுதான். 415 கிலோமீட்டர் பாதையில் காலராவிலும் பட்டினியிலும் போன ஆசியக் கூலிகள் 90,000 பேர் வரை என்கிறார்கள். அதில் நம் தோட்டத்து ஆட்களும் ஏராளம். அவர்களுக்கு ஆளுக்கொரு கல் எங்கே? அதனால்தான் மாமா, "கல்லு இல்லாட்டி என்ன, அவர் போட்ட ரோடு இருக்குல்ல, அதுல நடக்கிறேன்" என்றார். எழுபது வயதில் ஒருவர் அப்படிச் சொன்னால் எப்படித் தடுப்பது?

தண்டவாளம் போருக்குப் பிறகே போய்விட்டது. மிச்சம் இருப்பது மண்மேடு. மூங்கிலும் கொடியும் மூடிக் கிடந்தாலும் கால் அதைக் கண்டுபிடித்துவிடும். ரயிலால் செங்குத்தாக ஏற முடியாது அல்லவா, அதனால் மேடு ஒரே சீராகப் போகும். ஒற்றையடிப் பாதை போல ஏறி இறங்காது. அந்தச் சீர்தான் எங்களைக் கெடுத்தது. நடக்கச் சுகமாக இருந்ததால் எவ்வளவு தூரம் வந்தோம் என்றே தெரியவில்லை. அப்புறம் மேடு ஒரு ரப்பர் தோட்டத்துக்குள் கரைந்துவிட்டது. ரப்பர் தோட்டத்தில் எந்த நிரையைப் பார்த்தாலும் ரயில் பாதை மாதிரியே நேராக ஓடும். எதில் வந்தோம், எதில் திரும்ப வேண்டும்? தவறு முழுக்க என்னுடையது. தம்பி சொன்னபோதே திரும்பியிருக்க வேண்டும்.

சரி, இதெல்லாம் உங்களுக்குத் தெரிந்த கதை. தெரியாதது, இரண்டாம் இரவு நடந்தது.

அன்று இரவு ஒரு மணி இருக்கும். நிரைகளுக்கு நடுவே ஒரு வெளிச்சம் மரத்துக்கு மரம் நின்று நின்று வந்தது. ரப்பர் பால் வெட்டுக்கு வந்த, அந்தப் பக்கத்து மோன் இனத்து அம்மாள். கன்னத்தில் தனக்கா என்ற மரப்பட்டைப் பூச்சு, நெற்றியில் லைட். வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறைந்துவிடும், அதனால் இந்த வேலை ராத்திரியில்தான். அவர் எங்களைப் பார்த்துப் பயப்படவில்லை. முதலில் திட்டினார். வெட்டுக்காரர்கள் நடந்து தேய்ந்த தடத்தை விட்டு ஓர் அடி இறங்காதீர்கள், கண்ணிவெடி எங்கே என்று யாருக்குத் தெரியும் என்று பர்மிய மொழியில் மூச்சுவிடாமல் திட்டினார். அப்புறம் மாமாவைப் பார்த்தார்.

மாமா எழுந்திருக்க மறுத்துவிட்டார். தூக்கவும் விடவில்லை. நானும் தம்பியும் கெஞ்சிப் பார்த்தாயிற்று. அந்த அம்மாள் எதுவும் பேசாமல் தன் லைட்டைக் கழற்றி, வாரை இழுத்துச் சரிசெய்து, மாமாவின் தலையில் மாட்டினார்.

எங்களிடம் கொடுத்திருக்கலாம், தானே பிடித்துக்கொண்டு முன்னால் போயிருக்கலாம். நானாக இருந்தால் அப்படித்தான் செய்திருப்பேன். ஆனால் முன்னால் போகிறவரிடம் லைட் இருந்தால் பின்னால் வருகிறவருக்குத் தெரிவது அவர் முதுகு மட்டும்தான். யார் நெற்றியில் இருக்கிறதோ அவர் பார்க்கிற பக்கம்தான் வெளிச்சம் போகும். மாமா தலையைத் திருப்பினார். ஒரு மரம் தெரிந்தது. இடப்பக்கம் உயர்ந்து வலப்பக்கம் சரிந்த வெட்டு, அதன் கீழே பால் பிடிக்கும் மங்கு, அதில் பாதி பால். பத்து வயதில் தன் அம்மாவுக்கு நிரை பிடித்துக் கொடுத்தவர் அவர். கையை நீட்டி அந்த வெட்டைத் தடவிப் பார்த்தார். "பட்டை ஆழமா போகுதே" என்று தமிழில் சொன்னார். அந்த அம்மாளுக்கு என்ன புரிந்ததோ, சிரித்துவிட்டார். மாமா மரத்தைப் பிடித்துக்கொண்டு தானாக எழுந்தார்.

அப்புறம் நடந்தோம். அமா (அப்படித்தான் கூப்பிட்டோம், நம் ஊர்ப் பேச்சில் அக்கா) இருட்டில் முன்னால் போனார். "லைட் வேண்டாமா" என்று கேட்டதற்கு, "என் காலுக்குத் தெரியும்" என்றார். வாளியும் கத்தியும் ஒரு மரத்தடியில் கிடந்தன. அந்த ராத்திரியின் வெட்டு முழுக்கப் போனது. ரோட்டோரத்தில் எங்களை விட்டபோது பணத்தை நீட்டினேன். "யபாடே, யபாடே" (பரவாயில்லை, பரவாயில்லை) என்று கையைத் தட்டிவிட்டு வந்த வழியே திரும்பினார், லைட் இல்லாமலேயே. பெயரைக் கேட்கக்கூட எங்களுக்குத் தோன்றவில்லை. இதை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

மற்றவர்களுக்கும் நன்றி சொல்லாமல் விட முடியாது. விடியும்வரை தேடிய மோட்டார் சைக்கிள் பையன்கள், மடத்துக் கதவைத் திறந்து வெந்நீர் கொடுத்த பிக்குகள், அங்கிருந்து மோல்மீன்வரை காரை நிறுத்தாமல் ஓட்டிய அண்ணன், கோயிலில் மாமா பெயருக்கு அர்ச்சனை செய்தவர்கள், பினாங்கில் அத்தையைத் தூங்க வைத்த மருமகள்கள், ஆஸ்பத்திரிக்கு மூன்று வேளையும் சாப்பாடு கொண்டுவந்த வீடுகள். ஒவ்வொருவர் வீட்டுக்கும் நேரில் வருவேன். எங்களைப் பாதியில் இறக்கிவிட்டுப் போன வண்டிக்காரருக்கும் கோபமில்லை, அவருக்கும் பிள்ளை குட்டி இருக்கும்.

அந்த அமாவின் விஷயம்தான் முடியவில்லை. அவசரத்தில் லைட் மாமாவின் தலையோடேயே ஆஸ்பத்திரிக்கு வந்துவிட்டது. நர்ஸ் கழற்றப் போனால் மாமா விடவில்லையாம். லைட் இல்லாமல் அவர் எப்படி வெட்டுக்குப் போவார் என்று மறுநாளே புதிது ஒன்று வாங்கி, ரோட்டோரத்து டீக்கடைக்காரரிடம் கொடுத்தனுப்பினோம். அது திரும்பி வந்துவிட்டது. புதுசு நெற்றியில் நிற்கவில்லையாம், பழையதுதான் படிந்ததாம், வரும்போது கொண்டுவரச் சொன்னாராம். அதுவரை அக்கம்பக்கத்தில் ஒன்றை இரவல் வாங்கி வெட்டுகிறாராம்.

சனிக்கிழமை போகிறோம், தடத்தை விட்டு இறங்காமல். நானே என் கையால் கொடுப்பேன், பெயரையும் கேட்பேன். மாமாவும் வருவேன் என்கிறார், டாக்டர் இன்னும் சரி சொல்லவில்லை. வார் வியர்வை நாற்றம் அடிக்கிறதே, கழுவிக் கொடுக்கலாமா என்று நேற்று கேட்டேன். வேண்டாம், தொடாதே என்றார். லைட் இப்போது அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கிறது.