50 கிலோவுக்கே மூச்சு வாங்குகிறதாம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

போன ஞாயிறு இணைப்பிதழில் மனித வலிமையைப் பற்றி வந்த கட்டுரையை மூன்று தடவை படித்தேன். முதல் தடவை நன்றாகத்தான் இருந்தது. ஜார்ஜியா நாட்டு லாஷா தலகாட்ஸே 2021-ல் 267 கிலோவைத் தலைக்கு மேல் நிறுத்தியது, நம் வேலூர் சதீஷ் சிவலிங்கம் 2014 காமன்வெல்த்தில் 328 கிலோ தூக்கித் தங்கம் வாங்கியது எல்லாம் போட்டிருந்தீர்கள், சந்தோஷம். கடைசிப் பத்தியில்தான் உங்கள் கட்டுரையாளர் என் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொண்டார். நம் தாத்தாக்கள் 100 கிலோ மூட்டையை அனாயாசமாகத் தூக்கினார்களாம், இன்றைய தலைமுறைக்கு 50 கிலோவுக்கே மூச்சு வாங்குகிறதாம், எல்லாம் மனசுதானாம்.

ஏனுங்க, அவர் ஒரு சிமெண்ட் மூட்டையையாவது பத்தடி நகர்த்தியிருப்பாரா?

ஈரோட்டில் மஞ்சள் குடோன்களில் 27 வருஷம் லோடுமேனாக இருந்தவன் நான். எங்கள் மூட்டை 65 கிலோ. இரண்டு பேர் ஆளுக்கொரு முனையில் கொக்கி போட்டுத் தூக்கிவிடுவார்கள், நாம் குனிந்து பிடரியும் முதுகும் சேரும் இடத்தில் வாங்க வேண்டும். வாங்குகிற அந்த நொடியில் மூச்சை விட்டுவிடக் கூடாது. அப்புறம் லாரிக்குப் போட்ட பலகையில் ஏற வேண்டும். பலகை துள்ளும், அது துள்ளுகிற கணக்குக்குத்தான் காலை வைக்க வேண்டும், நம் கணக்குக்கு வைத்தால் கீழேதான். ஒரு லாரிக்கு 150 மூட்டை, சுமக்க ஆறு பேர் என்றால் ஆளுக்கு 25. அதாவது ஒருத்தன் முதுகில் 1,600 கிலோவுக்கு மேல். அது முடிந்ததும் டீ, அப்புறம் அடுத்த லாரி. தலகாட்ஸே தூக்கியதும் கீழே போட்டுவிடலாம், மேடையே அதற்குத்தான் கட்டியிருக்கிறார்கள். எங்கள் மூட்டையைக் கீழே போட்டால் கூலியில் பிடிப்பார்கள்.

சதீஷ் தம்பி விஷயத்திலும் ஒன்று சொல்ல வேண்டும். அந்த 328 ஒரே தூக்கு இல்லை. 149, 179 என்று இரண்டு விதமாகத் தூக்கியதன் கூட்டுத்தொகை. உங்களுக்குத் தெரியாததா? அதை ஒரு வரி எழுதாமல் விட்டதால் எங்கள் டீக்கடையில் ஒரு பையன் வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருந்தான். 2016-ல் இங்கிலாந்துக்காரர் எடி ஹால் தரையிலிருந்து 500 கிலோவைத் தூக்கினாரே, தூக்கி முடித்ததும் மூக்கில் ரத்தம் கொட்டி மயங்கி விழுந்தார். சாதனையைப் போட்ட நீங்கள் ரத்தத்தை மட்டும் ஏன் விட்டுவிட்டீர்கள் என்று புரியவில்லை.

என் முதுகு போனது மூட்டை தூக்கி இல்லை என்றால் சிரிப்பீர்கள். வீட்டில் ஒரு பிளாஸ்டிக் குடம். குனிந்தபடியே பக்கவாட்டில் திரும்பி எடுத்தேன், மிஞ்சிப் போனால் 15 கிலோ இருக்கும். அப்படியே உட்கார்ந்தவன் நாலு மாசம் எழுந்திருக்கவில்லை. கோயமுத்தூரில் பிசியோதெரபி படித்த என் பொண்ணுதான் விளக்கினாள். அமெரிக்காவில் வேலைப் பாதுகாப்பைப் பார்க்கிற அரசு நிறுவனம் ஒரு கணக்கு வைத்திருக்கிறதாம். எல்லாம் சரியாக அமைந்தால், அதாவது சுமை உடம்போடு ஒட்டி இருந்து, இடுப்புத் திரும்பாமல், நிதானமாக எடுத்தால்கூட 23 கிலோதான் அளவு. சுமை உடம்பை விட்டு விலக விலக, தூக்குகிற தடவை கூடக் கூட அதுவும் குறையும். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1967-லேயே ஆண்களுக்கு 55 கிலோவை உச்சமாகச் சொல்லிவிட்டது. நான் 65-ஐ 27 வருஷம் சுமந்துவிட்டு வீட்டுக் குடத்தைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன். 2019-ல் ஈரோடு மஞ்சளுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது நீங்கள் ஒரு பக்கம் முழுக்க எழுதினீர்கள், விவசாயி, வியாபாரி, ஏற்றுமதி எல்லாம் இருந்தது. சுமந்தவன் ஒருத்தன் இல்லை. அப்போதும் ஒரு கடிதம் போட்டேன், வரவில்லை, போகட்டும்.

தாத்தா கதைக்கு வருகிறேன். எங்கள் அப்பா 100 கிலோ சர்க்கரை மூட்டை சுமந்தவர்தான், பொய்யில்லை. 52 வயதில் அவருக்குக் கீழே உட்கார்ந்து சாப்பிட முடியாமல் போய்விட்டது. திண்ணையில் காலைத் தொங்கப் போட்டு, தட்டை மடியில் வைத்துத்தான் சாப்பிடுவார். விருந்தாளி வந்தால் அதற்கு வெட்கப்பட்டுக்கொண்டு "எனக்குப் பசியில்லைங்க" என்பார். எங்கள் ஊர் வண்டித்தடத்தில் ஒரு சுமைதாங்கிக் கல் இருந்தது, நெஞ்சு உயரத்துக்கு, சுமையை நின்றபடியே இறக்கி வைத்துவிட்டு மறுபடி ஆள் துணை இல்லாமல் எடுத்துக்கொள்ளலாம். பிரசவத்தில் இறந்துபோன ஒரு பெண்ணின் பேரில் நட்டது என்பார்கள். ரோடு அகலமானபோது பிடுங்கிப் போட்டுவிட்டார்கள். தாத்தாக்கள் தூக்கியதை எழுதுகிறீர்கள், அவர்கள் வழி நெடுக இறக்கி வைக்க இடம் செய்து வைத்திருந்ததையும் எழுதலாமில்லையா.

இதையெல்லாம் நீங்கள் போடுவீர்கள் என்று நம்பி எழுதவில்லை. ஒரு விஷயம் மட்டும் செய்து கொடுங்கள். இரண்டு வருஷத்துக்கு முன் பொங்கல் மலருக்கு வாசகர்களிடம் பழைய புகைப்படம் கேட்டிருந்தீர்கள். அப்பா மூட்டையோடு பலகையில் ஏறுகிற கறுப்பு வெள்ளைப் படத்தை அனுப்பினேன், தபால்தலை ஒட்டி, விலாசம் எழுதிய உறையோடு. வீட்டில் வேறு பிரதி இல்லை. படமும் மலரில் வரவில்லை, உறையும் வரவில்லை. பின்பக்கம் பென்சிலால் அவர் பெயர் எழுதியிருக்கும், இடது மூலை கொஞ்சம் மடங்கியிருக்கும். தேடிப் பார்த்து அனுப்பி வைத்தால் போதும். தபால் செலவு கூடியிருந்தால் சொல்லுங்கள், மணியார்டர் செய்துவிடுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற லோடுமேன் ஒருவன்,
ஈரோடு.