பிள்ளை படுக்கும் கட்டிலும் உதவிச் சாதனம்தான்

ஆசிரியருக்கு வணக்கம்.

நோயாளிகளை வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்வது பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். முதியவர்களைப் பற்றி விரிவாகவே எழுதியிருந்தீர்கள். பிள்ளைகளைப் பற்றி ஒரு வரியும் இல்லை. மூளை முடக்குவாதம் உள்ள மகளை வளர்ப்பவள் நான். அதில் விட்டுப்போன ஒரு பொருளைப் பற்றிச் சொல்ல வேண்டும்: தலைமாட்டையும் கால்மாட்டையும் ஏற்றி இறக்கும் கட்டில்.

சக்கர நாற்காலியின் அருமை எல்லோருக்கும் தெரியும். முகாம் வைத்துக் கொடுக்கிறார்கள், போட்டோவும் எடுக்கிறார்கள். ஆனால் தானாகத் திரும்பிப் படுக்கக்கூட முடியாத குழந்தை நாற்காலியில் உட்கார்ந்திருப்பது கொஞ்ச நேரம்தான். சாப்பாடு, சளி எடுப்பது, உடுப்பு மாற்றுவது, பிசியோதெரபி, தூக்கம் எல்லாமே படுக்கையில்தான்.

மூக்குக்குழாய் வழியாகவோ வயிற்றில் போட்ட குழாய் வழியாகவோ உணவு கொடுக்கும்போது தலைப்பக்கம் 30 முதல் 45 டிகிரி வரை உயர்ந்திருக்க வேண்டும், கொடுத்து முடித்த பிறகும் கொஞ்ச நேரம் அப்படியே இருக்கட்டும் என்று டாக்டர்கள் சொல்லி அனுப்புகிறார்கள். இல்லாவிட்டால் உணவு மேலேறி நுரையீரலுக்குள் இறங்கிவிடும்; அடுத்தது நிமோனியாதான். சரி, வீட்டில் எதை வைத்து உயர்த்துவது? தலையணைகளை அடுக்குகிறோம். அதில் கழுத்து மட்டும் மடங்கி, தாடை நெஞ்சில் முட்டி, மூச்சு விடுவது இன்னும் சிரமமாகிறது. இடுப்புக்கு மேலே உடம்பு மொத்தமும் சேர்ந்து உயர வேண்டும்.

சர்ஜிக்கல் கடையில் ஃபௌலர் கட்டில் (கைப்பிடியைச் சுற்றித் தலைப்பக்கத்தையும் முழங்கால் பக்கத்தையும் உயர்த்தும் ஆஸ்பத்திரிக் கட்டில்) வாடகைக்குக் கிடைக்கிறதே என்று சிலர் கேட்பார்கள். கிடைக்கிறது. நாங்களும் எடுத்துப் பார்த்தோம். ஆறடி ஆளுக்குச் செய்த கட்டில் அது. முதுகுப்பலகை மடங்கும் இடம் பெரியவரின் இடுப்புக்கு நேராக இருக்கும். குழந்தையைத் தலைமாட்டில் படுக்கவைத்துக் கைப்பிடியைச் சுற்றினால் அவள் உடம்பு மடங்குவதே இல்லை, சறுக்குமரத்தில் விட்டதுபோல வழுக்கிக் கீழே வந்துவிடுகிறாள். இடுப்பு சரியாக வரும்படி கீழே தள்ளிப் படுக்கவைத்தால் முழங்காலுக்கான மடிப்பு பாதத்துக்குப் போய்விடுகிறது. உயரமும் ஒரே உயரம்தான். வலிப்பு வரும் பிள்ளைக்கு ராத்திரியில் தரையோடு தாழ்ந்த கட்டில் வேண்டும். உடுப்பு மாற்றும்போது அதே கட்டில் என் இடுப்பு உயரத்துக்கு வர வேண்டும். பாயிலிருந்து பிள்ளையைத் தூக்கித் தூக்கி முதுகு போன தாய்மார்களை எந்த பிசியோதெரபி மையத்துக்குப் போனாலும் பார்க்கலாம்.

இதைவிடப் பெரிய கவலை பக்கவாட்டுக் கம்பிகள். மருத்துவக் கட்டில்களுக்கான சர்வதேசத் தரவிதி 'பெரியவர்' என்பதற்கு ஓர் அளவு வைத்திருக்கிறது: குறைந்தது 146 செ.மீ. உயரம், 40 கிலோ எடை, உடல் நிறைக் குறியீடு 17. இதற்குக் கீழே இருப்பவர்களுக்கு அந்தக் கட்டில் செய்யப்படவே இல்லை. பெரியவர் கட்டிலின் கம்பிகளுக்கு இடையே கிட்டத்தட்ட 12 செ.மீ. வரை இடைவெளி விடலாம். சின்ன உடம்பு அதில் நுழைந்து தலை சிக்கிக்கொள்ளும். குழந்தைகளின் கட்டிலுக்கென்று தனி சர்வதேசத் தரவிதி 2019இல்தான் வந்தது. பிரிட்டனின் மருந்து, மருத்துவக் கருவிகள் ஒழுங்குமுறை அமைப்பு 2023 ஆகஸ்டில் ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. மருத்துவக் கட்டில்கள், பக்கவாட்டுக் கம்பிகள், நோயாளியைத் தள்ளும் வண்டிகள் போன்றவை தொடர்பாக 2018 முதல் 2022 வரை 18 மரணங்கள் பதிவானதாக அதில் இருக்கிறது. 18 பேரும் குழந்தைகள் என்று அர்த்தமில்லை. ஆனால் குழந்தைகள் படுக்கும் கட்டில்களைத் தனியாக ஆய்வு செய்யச் சொல்லியிருக்கிறார்கள். இங்கே நாம் செய்வது என்ன? இடைவெளி தெரியாதபடி கம்பியில் போர்வையைச் சுற்றிக் கட்டுகிறோம். அது அவிழ்ந்து முகத்தில் விழுந்தால் அதுவே மூச்சை அடைக்கும்.

மாற்றுத்திறனாளிகளுக்கு உதவிச் சாதனம் வழங்கும் மத்திய அரசுத் திட்டம் 1981இலிருந்து நடக்கிறது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 24ஆம் பிரிவில், வருமான வரம்புக்கு உட்பட்டு உதவிச் சாதனங்களை இலவசமாகத் தர வேண்டும் என்கிறது. நாங்கள் போன முகாமில் கட்டிலைப் பற்றிக் கேட்டபோது, "அதெல்லாம் ஆஸ்பத்திரி சாமான்மா, நம்ம லிஸ்ட்ல வராது" என்றார்கள். ஆஸ்பத்திரியில் ஒரு வாரம் இருக்கும் பிள்ளைக்கு அந்தக் கட்டில் தேவை, வீட்டில் வருடக்கணக்கில் படுத்திருக்கும் பிள்ளைக்குத் தேவையில்லையாம்! மாநில அரசு தரும் பராமரிப்பு உதவித்தொகை மாதம் 2,000 ரூபாய். டயப்பருக்கும் மருந்துக்குமே அது போதாது, இதில் கட்டில் வாடகை எங்கே கொடுப்பது?

எல்லோருக்கும் புதுக் கட்டில் வாங்கிக் கொடுங்கள் என்று நான் கேட்கவில்லை. பிள்ளை வளரும், இன்றைய கட்டில் நான்கைந்து வருடத்தில் பத்தாமல் போகும். இப்படிப் பிள்ளையை வளர்த்த வேறு சில வீடுகளில் பிள்ளை இறந்துபோன பிறகும் கட்டில் மூலையில் கிடக்கிறது. விற்கவும் மனம் வராது, திருப்பி வாங்கிக்கொள்ளவும் ஆள் இல்லை. அதனால் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் குழந்தைகள் அளவுக் கட்டில்களை வாங்கி வைத்து, இரவல் கொடுத்து, வேலை முடிந்ததும் பழுதுபார்த்து அடுத்த வீட்டுக்கு அனுப்பலாம். கழற்றி மாட்டக்கூடிய சட்டமாக இருந்தால்தான் எங்கள் தெரு மாடிப்படிகளில் ஏறும், டெண்டர் எழுதுகிறவர்கள் இதையும் கவனிக்க வேண்டும்.

அப்புறம், கட்டிலை இறக்கிவிட்டுக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விடக் கூடாது. முழங்கால் பக்கத்தை முதலில் உயர்த்திவிட்டுத்தான் தலைப்பக்கத்தை உயர்த்த வேண்டும், அப்போதுதான் பிள்ளை சறுக்காது என்பதை எனக்கு ஒரு நர்ஸ் போகிற போக்கில்தான் சொன்னார். 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் 2021இலிருந்து பிசியோதெரபிஸ்டுகள் வீடு தேடி வருகிறார்கள். கட்டில் வந்த வாரமே அவர்களில் ஒருவர் வந்து, பிள்ளையின் அளவுக்கு அதைச் சரிசெய்து, வீட்டில் இருப்பவர்களுக்கு அரை மணி நேரம் சொல்லிக்கொடுத்தால் போதும்.

இப்படிக்கு,
பெயர் வெளியிட விரும்பாத வாசகி,
கரூர்