மன்னரோடு கதை முடியவில்லை

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஞாயிறு இணைப்பில் ஸ்வீடன் மன்னர் பன்னிரண்டாம் சார்லஸ் பற்றிய கட்டுரை படித்தேன். 1718-இல் நார்வேயின் ஃப்ரெட்ரிக்ஸ்டென் கோட்டை முற்றுகையில் தலையில் குண்டு பாய்ந்து அவர் இறந்ததோடு முடித்துவிட்டீர்கள். அந்தக் குண்டைச் சுட்டது யார் என்ற சர்ச்சைக்கு மட்டும் மூன்று பத்தி. அதே சமயம் வடக்கே நார்வேயின் ட்ரொண்ட்ஹெய்ம் நகரத்தின் பக்கம் அவர் அனுப்பிய இன்னொரு படை நின்றுகொண்டிருந்தது. அதற்கு ஒரு வரிகூட இல்லை. ராணுவத்தில் சப்ளை பிரிவில் வேலை பார்த்தவன் என்பதால் என்னால் இதைச் சும்மா விட முடியவில்லை.

அந்தப் படைக்குத் தலைவர் ஜெனரல் ஆர்ம்ஃபெல்ட். கோடையில் எல்லை தாண்டும்போது ஏறக்குறைய 10,000 பேர். பெரும்பாலும் அன்று ஸ்வீடன் ஆட்சியில் இருந்த பின்லாந்துக்காரர்கள். அவர்களுடைய சொந்த ஊர்களையே 1714 முதல் ரஷ்யப் படை பிடித்து வைத்திருந்தது. இவர்கள் வேறொரு நாட்டைப் பிடிக்க நடந்தார்கள். ட்ரொண்ட்ஹெய்ம் விழவில்லை. ரேஷன் போதவில்லை, உடுப்பு கிழிந்தது, நோய் வேறு. வருஷம் முடிவதற்குள் சுமார் 6,000 பேர்தான் மிச்சம். மன்னர் இறந்த செய்தி வந்ததும் ஊர் திரும்ப முடிவானது.

1719 ஜனவரி 12. நார்வேயின் டைடாலிலிருந்து மலையைக் கடந்து ஸ்வீடனின் ஹான்டோல் போக சுமார் 55 கிலோமீட்டர். வழியில் பனிப்புயல் பிடித்துக்கொண்டது. மேலே விறகு கிடையாது. பனிச்சறுக்கு வண்டிகளை எரித்தார்கள், துப்பாக்கியின் மரக்கட்டைகளையும் கழற்றி எரித்தார்கள். முதல் இரவிலேயே சுமார் 200 பேர் விறைத்துச் செத்தார்கள். மலையில் மட்டும் ஏறத்தாழ 3,000 பேர். இறங்கி வந்த பிறகும் பல நூறு பேர் இறந்தார்கள். இன்னும் பல நூறு பேருக்குக் கை கால் போனது. நான் லடாக்கில் இருந்தவன். கையுறை நனைந்தாலே விரல் போய்விடும் இடம் அது. கிழிந்த கோட்டோடு அந்த மலையில் ஆட்களை ஏற்றியதை எந்த வீரக்கதையாலும் மூட முடியாது.

இவர்கள் யார் என்பதையும் எழுத வேண்டும். 1680-களில் பதினொன்றாம் சார்லஸ் கொண்டுவந்த ஏற்பாட்டின்படி, சில பண்ணைகள் சேர்ந்து ஒரு சிப்பாயைத் தர வேண்டும். அவனுக்கு ஒரு குடிசையும் துண்டு நிலமும் உண்டு. அவன் செத்தால் அடுத்த ஆளுக்குக் குடிசை தேவை. அதனால் விதவையும் பிள்ளைகளும் வெளியேற வேண்டியதுதான்.

அதற்கும் முன்பு, மன்னர் குஸ்தாவ் அடால்ஃப் காலத்திலும் அதை அடுத்த ஆண்டுகளிலும் பிக்டியோ என்ற வடக்கு ஸ்வீடன் ஊர் தந்த சிப்பாய்களின் கணக்கு இன்றும் இருக்கிறது. 1621 முதல் 1639 வரை அங்கிருந்து பிடித்துப்போன 230 பேரில் 215 பேர் இறந்தார்கள். பெரும்பாலோரைக் கொன்றது முகாமில் பரவிய நோய். உழுவதற்கு ஆண்கள் இல்லாமல் பெண்களே பண்ணைகளை நடத்தினார்கள்.

அடுத்த வாரமே கேட்கவில்லை. ஆனால் அந்த மலையைப் பற்றியும் பிக்டியோ பற்றியும் மன்னருக்குக் கொடுத்த அதே முழுப் பக்கத்தில் ஒரு கட்டுரை போடுங்கள். ஆர்ம்ஃபெல்ட் படம் வேண்டாம், டைடாலிலிருந்து ஹான்டோல் வரையிலான வழியை வரைபடமாகப் போட்டால் போதும்.

இப்படிக்கு,
முன்னாள் ஹவில்தார்,
வேலூர் மாவட்டம்