அளவு டேப்பைத் தேடி எடு

பாப்பாவுக்கு,

போன ஞாயிற்றுக்கிழமை, நான் தைத்துப் போட்டுக்கொள்ளும் டியூடர் உடுப்பை, அதாவது ஐந்நூறு வருஷத்துக்கு முந்தின இங்கிலாந்து ராஜா ராணி காலத்து உடுப்பைப் பற்றிப் பேசியபோது, போனில் நீ சிரித்த சிரிப்பு இன்னும் காதிலேயே இருக்கிறது. "ஆறு பேரைக் கட்டின அந்த எட்டாம் ஹென்றி ராஜாவுக்கு ஏழாவது பொண்டாட்டியாம்மா நீ?" என்று கேட்டாயே, அதை அப்பாவிடம் சொன்னேன், அவரும் சாப்பாட்டுத் தட்டை வைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். சரி, சிரியுங்கள். ஆனால் அப்புறம் கொஞ்சம் தயங்கி, "அந்தக் காலத்துல நம்மள மாதிரி யாரும் அங்க இல்லையேம்மா, உனக்கு ஒரு மாதிரி இல்லையா?" என்றாய். அதற்கு நான் ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை, அடுப்பில் பால் இருந்தது. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். கூடவே உனக்கு ஒரு வேலையும் வைத்திருக்கிறேன், அது கடைசியில்.

நான் ராணி உடுப்புத் தைப்பதாக நினைத்துக்கொண்டிருக்கிறாய். ஆரம்பத்தில் தைத்தேன், ஒத்துக்கொள்கிறேன். நீ யூனிவர்சிட்டிக்குக் கிளம்பிப் போய் வீடு சத்தமே இல்லாமல் கிடந்த வருஷம், ஹென்றி இருந்த ஹாம்ப்டன் கோர்ட் அரண்மனையைப் பார்த்துவிட்டு வந்த ஜோரில், திரைச்சீலைத் துணி எட்டு மீட்டர் வாங்கி, டிவியில் பார்த்த மாதிரி பளபளவென்று ஒரு சிவப்பு கவுன், முதுகில் ஜிப் வைத்து. பாலியெஸ்டர். அதை ஜூலை மாதத்து வெயிலில் மாட்டிக்கொண்டு, ஒரு பழைய மாளிகையில், அந்தக் காலத்து உடுப்பில் எல்லோரும் கூடும் டியூடர் வார இறுதிக்குப் போனேன். அங்கே சமையல்கட்டில் விறகடுப்பு எரிந்துகொண்டிருந்தது. உள்ளே நுழையப் போன என்னை ஒரு வயதான அம்மா இரண்டு கையையும் விரித்து மறித்துவிட்டார். ஒரு பொறி பட்டால் இந்தத் துணி உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும், கம்பளி என்றால் கருகி அதுவாகவே அணைந்துவிடும் என்றார். அவர் போட்டிருந்தது மங்கின பழுப்புக் கம்பளி, காலையிலிருந்து அடுப்படியில் நிற்கிறார், முகத்தில் ஒரு வாட்டம் இல்லை. எனக்கோ தொப்பலாக வேர்த்து மயக்கம் வராத குறை. சாயங்காலம் அவர் பக்கத்தில் உட்கார்ந்து உள்ளே என்னென்ன போட்டிருக்கிறார் என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். அன்றைக்குப் பிடித்த பைத்தியம் இது.

அடியில் ஸ்மாக் என்கிற தொளதொள உள்சட்டை, லினன் துணி. அதற்கு மேல் கர்ட்டில், மேல்சட்டையும் பாவாடையும் ஒன்றாக, உடம்போடு இறுக்கிக் கட்டுவது. அதற்கு மேல்தான் கவுன். ஸ்மாக்கை வெட்டினபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, ஏனென்றால் எல்லாமே செவ்வகமும் முக்கோணமும்தான், கைக்கு அடியில் ஒரு சின்னச் சதுரம், தாத்தாவின் ஜிப்பாவில் இருக்குமே, அதே சதுரம். துணி ஒரு விரற்கடைகூட வீணாகாது. வேர்வையையெல்லாம் லினன் குடித்துவிடும், துவைக்கிறது அதை மட்டும்தான், மேலே போடும் கம்பளியையும் பட்டையும் தட்டி, பிரஷ் பண்ணிக் காற்றாட விடுவதோடு சரி. ச்சீ என்று முகத்தைச் சுளிக்காதே. என் கல்யாணப் பட்டை நான் எத்தனை தடவை துவைத்திருப்பேன் என்று நினைக்கிறாய்?

கர்ட்டிலில் ஜிப்பும் கிடையாது, ஹூக்கும் கிடையாது, கயிறுதான். கயிறு நுழைக்கும் ஓட்டையை வெட்டிப் போடக் கூடாது. குத்தூசியால் இழைகளை விலக்கிவிட்டு, சுற்றிலும் நூலால் நெருக்கமாகக் கட்ட வேண்டும், காஜா எடுக்கிற மாதிரி, ஆனால் வட்டமாக. வெட்டினால் இறுக்குகிற இழுப்பில் கிழிந்துவிடும். இரண்டு பக்கமும் சேர்த்து 46 ஓட்டை, ஒவ்வொன்றுக்கும் பத்து நிமிஷம், கணக்குப் போட்டுக்கொள். ஷூ லேஸ் மாதிரி பெருக்கல் குறி போடாமல் ஒரே கயிறு கீழிருந்து சுருளாக ஏறும், அதற்கு இரண்டு பக்கத்து ஓட்டைகளும் நேருக்கு நேர் இல்லாமல் தள்ளித் தள்ளி இருக்க வேண்டும். அது தெரியாமல் முதல் தடவை நேராகப் போட்டுவிட்டேன், கயிற்றை இழுத்ததும் இடது பக்கம் மேலே ஏறிக்கொண்டது, ஒரு தோள் தூக்கின மாதிரி அன்று முழுக்கத் திரிந்தேன். பாவாடைக் கொசுவம் மட்டும் எனக்கு முதல் தடவையே வந்தது. ஒன்றுக்குக் கீழ் ஒன்றாக ஓட்டுத் தையல் இரண்டு வரிசை போட்டு நூலை இழுத்தால் மூன்று மீட்டர் துணி இடுப்புக்குள் அடங்கிவிடும். பாவாடை மேல்சட்டையோடு சேர்ந்தே இருப்பதால் பாரம் தோளுக்குப் போய்விடும், இடுப்பில் நாடா அறுக்காது. அந்த வகையில் இது உள்பாவாடையைவிடத் தேவலை.

நீ நாய்க்கு ஆபரேஷன் ஆனால் மாட்டிவிடும் கூம்பு என்றாயே, கழுத்தைச் சுற்றி மடிப்பு மடிப்பாக விறைத்து நிற்கும் அந்த ரஃப், அது வேறு கதை. அதைப் பார்த்த உடனே எனக்குத் தோன்றியது கஞ்சி போட்ட வேட்டிதான். ஹென்றியின் மகள் முதலாம் எலிசபெத் ராணி காலத்தில் லண்டனில் அதற்குப் பதமாகக் கஞ்சி போடத் தெரிந்த ஆள் கிடைப்பது குதிரைக்கொம்பாக இருந்திருக்கிறது. 1564இல் ஃபிளாண்டர்ஸ் பக்கத்திலிருந்து டிங்கன் வான் டென் பிளாஸ என்று ஒரு பெண் வந்து கஞ்சி போடும் தொழிலை ஆரம்பித்து, பெரிய வீட்டுப் பெண்களுக்குக் கற்றுக்கொடுக்க நாலைந்து பவுண்டு வாங்கியிருக்கிறாள், கஞ்சி காய்ச்சச் சொல்லித்தர இருபது ஷில்லிங் தனி! பழைய இங்கிலாந்து வரலாற்று நூல் ஒன்றில் எழுதி வைத்திருக்கிறார்கள். நம் ஆச்சி மட்டும் அப்போது அங்கே இருந்திருந்தால் தெருவையே விலைக்கு வாங்கியிருப்பாள். ஸ்டப்ஸ் என்று ஒரு கண்டிப்பான பக்திமான், 1583இல், கஞ்சியைச் சாத்தானின் மது என்றே திட்டித் தீர்த்திருக்கிறார். வெள்ளிக்கிழமைதோறும் ஆச்சி சாத்தானோடு சேர்ந்துதான் வேட்டி அலசினாள் போலிருக்கிறது.

அவர்கள் கோதுமை மாவுச்சத்தில் காய்ச்சினார்கள். எனக்குக் கை பழகினது வடிகஞ்சி, அதையே வடிகட்டிப் போட்டேன், நன்றாகவே நின்றது. ஆறு மீட்டர் லினன் பட்டையை நாற்பது சென்டிமீட்டர் கழுத்துப் பட்டிக்குள் கொசுவி, கஞ்சியில் முக்கி, முக்கால் ஈரத்தில் ஒவ்வொரு மடிப்பாகச் சூடான குச்சியில் சுற்றி நிறுத்த வேண்டும். குச்சிக்குப் பதில் நீ விட்டுப்போன முடி சுருட்டும் கருவியைப் பயன்படுத்துகிறேன், தேடாதே. இரண்டு வாரம் மெனக்கெட்டு முடித்து முதல் தடவை போட்டுக்கொண்டு வெளியே போனால் இங்கிலாந்து மழை, அதுவும் பத்து நிமிஷத் தூறல். ரசத்தில் விழுந்த அப்பளம் பார்த்திருக்கிறாய் அல்லவா.

இனி நீ தயங்கிக்கொண்டே கேட்டது. 1511இல் ஹென்றி ஒரு பெரிய விளையாட்டு விழா நடத்தினான், அதை அப்படியே நீளச் சுருளில் ஓவியமாக வரைந்து வைத்திருக்கிறார்கள். அதில் எக்காளம் ஊதுகிறவர்கள் நடுவே தலைப்பாகை கட்டின ஒரு கறுப்பர், ஜான் பிளாங்க் என்று பெயர். ஒரு நாளைக்கு எட்டு பென்ஸ் சம்பளம் போதவில்லை, மற்றவர்களுக்குக் கொடுக்கும் பதினாறைக் கொடுங்கள் என்று ராஜாவுக்கே மனு எழுதி வாங்கியிருக்கிறார். 1512இல் அவர் கல்யாணத்துக்கு ராஜா கொடுத்த பரிசு என்ன தெரியுமா, ஊதாக் கம்பளியில் ஒரு கவுன், கூடத் தொப்பி. அவர் ஆப்பிரிக்கர், நம் ஊர்க்காரர் இல்லை, அது எனக்கும் தெரியும். அதைப் படித்தபோது நான் யோசித்ததெல்லாம் அந்தக் கவுனுக்கு எத்தனை கெஜம் பிடித்திருக்கும் என்றுதான்.

ஒரு மாதிரி இருந்ததா என்றால், முதல் வருஷம் இருந்தது. "நீங்கள் யாராக வந்திருக்கிறீர்கள்?" என்று ஒருத்தி கேட்ட விதம் எனக்குப் பிடிக்கவில்லை, வீட்டுக்கு வந்து அப்பாவிடம் பொருமினேன். இப்போது அப்படி யாராவது கேட்டால், யாராகவும் வரவில்லை, இதைத் தைத்தவளாக வந்திருக்கிறேன் என்று பாவாடை ஓரத்தைத் திருப்பி உள்தையலைக் காட்டுவேன். அதற்கப்புறம் பேச்சு தையலைப் பற்றித்தான் போகும்.

2019இல் ஹாம்ப்டன் கோர்ட்டில் பேக்டன் துணியை வைத்தார்கள், நீ பரீட்சை என்று வரவில்லை. ஹெரெஃபர்ட்ஷைரில் ஒரு சின்ன கிராமத்துத் தேவாலயத்தில் பலிபீட விரிப்பாகக் கிடந்து, அப்புறம் கண்ணாடிச் சட்டத்துக்குள் சுவரில் தொங்கியது. வெள்ளிச் சரிகைத் துணியில் ரோஜா, டாஃபடில், வண்ணத்துப்பூச்சி, ஒரு கரடிகூட. எலிசபெத் ராணியின் உடுப்பிலிருந்து மிஞ்சியது இது ஒன்றுதான் என்று நிபுணர்கள் நினைக்கிறார்கள். அத்தனை ஆடை வைத்திருந்தவளுக்கு ஒரு விரிப்பு மிச்சம். ஆச்சியின் கத்தரிப்பூப் பட்டு கிழிந்து தலையணை உறையாகி, அந்த உறையும் கிழிந்து, இப்போது என் ஊசிப் பெட்டிக்கு உள்துணியாக இருக்கிறது. அதை ஒட்டினபோது எனக்கு இந்த விரிப்பு ஞாபகமெல்லாம் வரவில்லை, அங்கே கண்ணாடி முன்னால் நின்றபோது அந்தப் பெட்டி ஞாபகம் வந்தது.

சரி, வேலைக்கு வருகிறேன். ஆகஸ்டில் இரண்டு வாரம் வருகிறாய். உனக்கு ஒரு கர்ட்டில் வெட்டப் போகிறேன். வேண்டாம் என்று ஆரம்பிக்காதே, துணி வாங்கியாகிவிட்டது, மாடர் வேரில் சாயமிட்ட சிவப்புக் கம்பளி, நம் ஊர்ச் சாயவேருக்குச் சொந்தக்காரச் செடி. ஊதாப் பட்டுக்கு ஆசைப்படாதே, 1574ஆம் வருஷத்து ஆணைப்படி அது ராணிக்கும் அவள் நெருங்கின சொந்தத்துக்கும், கொஞ்சமாகப் பெரிய பிரபுக்கள் சிலருக்கும்தான், கணக்குப்பிள்ளை மகளுக்குக் கிடையாது. அப்பாவுக்கும் ஒரு செட் தைக்கலாம் என்றால் அந்த இறுக்கமான காலுறையைப் பார்த்ததிலிருந்து எனக்கு முட்டி வலி என்கிறார்.

என்னிடம் இருக்கும் உன் அளவு ஜாக்கெட் பத்தொன்பது வயதில் தைத்தது, அதை நம்பி இந்தத் துணியில் கத்தரி வைக்க மாட்டேன். வான்கூவரில் டேப் கிடைக்காமலா போகும். மார்புச் சுற்றளவு, மார்புக்குக் கீழ், இடுப்பு, தோளிலிருந்து இடுப்பு வரை முன்னால் ஒரு தடவை பின்னால் ஒரு தடவை, இடுப்பிலிருந்து தரை வரை செருப்பில்லாமல், கையை முழங்கையில் மடக்கித் தோளிலிருந்து மணிக்கட்டு வரை. நீயாக அளந்தால் டேப் முதுகில் இறங்கிவிடும், கூட இருக்கிற பெண்ணைப் பிடிக்கச் சொல். இஞ்சா சென்டிமீட்டரா என்று பக்கத்திலேயே எழுது, போன தடவை வெறும் எண்ணை அனுப்பி என்னை இரண்டு நாள் குழப்பினாய். மூச்சை உள்ளே இழுத்துப் பிடித்துக்கொண்டு அளக்காதே.

அம்மா